ஞாயிறுக்கு ஒரு திட்டம்

பிலடெல்பியாவில்
எந்தச் சந்தில் வண்டி நிறுத்தினால்
அபராதச் சீட்டு ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.
தோட்டப்பாளையத்து லாட்ஜில்
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே என் அறை.
இரவு ஏழு முதல் மூன்று வரை
அங்கிருந்து
அந்த ஊரின் சனி ஞாயிறுகளை விற்கிறேன்.

எஸ்தர். அப்பா வைத்த பெயர்.
அமெரிக்காவிலும் செல்லும், மாற்ற வேண்டாம்
என்றார் மேனேஜர்.

இந்த வாரம் ஒஹாயோவிலிருந்து ஒரு ஜோடி.
முப்பதாவது கல்யாண நாள்.
பழைய ஊர் பார்க்கணும், ஆனால் போரடிக்கக் கூடாது.
சனி காலை விரிசல் விட்ட மணி.
கட்டணமில்லை, வரிசை உண்டு,
திறக்கும் முன்னே போய் நில்லுங்கள்.
பிறகு செங்கல் வீட்டுச் சந்து.
படத்தை விரலால் தள்ளித் தள்ளி
அந்தத் தெருவில் நூறு தடவை நடந்திருக்கிறேன்.
உருண்டைக் கல் பாவிய தரை.
குதி உயர்ந்த செருப்பு வேண்டாம் என்று சேர்த்தேன்.
மதியம் மாட்டுக்கறி ரொட்டி.
எதிரெதிரே இரண்டு கடை, தீராத சண்டை,
எது ருசி என்று மட்டும் நான் சொல்வதில்லை.

வெள்ளி இரவு தண்ணீர் பிடிக்க இறங்கினேன்.
இரண்டாம் மாடிப் படியில் ஷெஃபாலி,
மால்டாவிலிருந்து வந்தவள்.
உள்ளே கழுத்தில் கட்டோடு நிர்மல்.
சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்,
திங்கள்கிழமை முடிவு.
'ஞாயிற்றுக்கிழமை இங்கே என்ன பார்க்கலாம்?'
இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில் கேட்டாள்.

பதினாறு வருஷமாய் இந்த ஊர்.
வாயில் வந்ததெல்லாம்
மருந்துக் கடை, ஸ்கேன் சென்டர், காட்பாடி ஸ்டேஷன்.

மேலே வந்து
ஒஹாயோக்காரருக்குத் திறக்கும் அதே படிவத்தைத் திறந்தேன்.
எத்தனை பேர்? இரண்டு.
எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? கொஞ்சம்.
எதைக் கொண்டாடுகிறீர்கள்?
அதை விட்டுவிட்டேன்.

மாலை நாலரை, கோட்டை.
முன்னால் போனால் வேலூர் வெயில்
தோலுரித்து உப்புத் தடவும்.
கோயில் கல்யாண மண்டபம்,
விதானத்துப் பூவைச் சுற்றித்
தலைகீழாய்க் கிளிகள்.
அண்ணாந்து பார்க்கணும்.
அவர் கழுத்து.
அடித்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, சிப்பாய்கள், ஒரே விடியலில்
எத்தனை பிணம்.
அடித்தேன்.
அகழியில் முதலை விட்டிருந்தார்களாம்.
சிரித்துக்கொண்டே அதையும் அடித்தேன்.
மிஞ்சியது புல்வெளி,
வேர்க்கடலை, கொஞ்சம் காற்று,
கழிப்பறை எந்தப் பக்கம் என்ற குறிப்பு.
மருந்துக் கவரின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு ஆறரைக்குத் திரும்பினார்கள்.
கோட்டை எப்படி என்றேன்.
போகவே இல்லையாம்.
ஷேர் ஆட்டோ மார்க்கெட் ஓரம் நின்றபோது
காம்பில் முள்ளோடு கத்தரிக்காய்க் குவியல்
கண்ணில் பட்டிருக்கிறது.
இறங்கிவிட்டார்கள்.
ஒன்றரை மணி நேரம்!
நிர்மல் ஒவ்வொன்றாய்த் தூக்கி
வயிற்றில் தட்டித் தட்டிப் பார்த்தாராம்,
பத்து ரூபாய்க்கு விரலாலேயே சண்டை போட்டாராம்,
கடைக்காரம்மா கடைசியில்
இரண்டு காய் கூடப் போட்டு
'போய்யா சாமி' என்று அனுப்பினாளாம்.
ஷெஃபாலி அந்த இரண்டு சொல்லையும்
அப்படியே தமிழில் சொல்லிக் காட்டினாள்.

வாடகை அடுப்பு, ஊரிலிருந்து வந்த கடுகெண்ணெய்.
படிக்கட்டெல்லாம் ஏறி வந்தது அந்தக் காரம்.
டிபன் மூடியில் மூன்று வட்டம்
என் மேசைக்கும் வந்தது,
மஞ்சள் பூசி, ஓரம் கருகி.

ஹெட்போன் சிணுங்கியது.
பாஸ்டன். நால்வர், இரண்டு இரவு,
சரித்திரம் வேண்டும், குழந்தைகள் உண்டு.
ஒரு நிமிடம் என்றேன்.
வாயில் கத்தரிக்காய் சுட்டது.

கீழே நிர்மல்
எதற்கோ உரக்கச் சிரித்தார்.
கழுத்து வலித்திருக்கும், சட்டென்று நின்றது.
மறுபடி சிரித்தார்.